பதினேழாம் எண் தட்டு

ஐம்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ வரைந்த ஒரு முகம் உங்களுடையதுதான் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா? புகைப்படம் கிடையாது. வரைந்தவர் உயிரோடு இல்லை. இருப்பது உங்கள் ஞாபகம் ஒன்றுதான். அதுவும் நேற்று ஒன்று சொல்கிறது, இன்று வேறொன்று சொல்கிறது. முடியும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வெல்டா ஸ்ட்ராட்மனேயும் எட்டு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

லாட்வியாவின் தலைநகர் ரீகாவில், டௌகாவா ஆற்றங்கரையில், ஒரு பழைய தானியக் கிடங்கில் எங்கள் ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. ஆறாம் அறையின் நாற்காலி வெல்டாவுடையது. ஏழாம் அறை என்னுடையது. யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும், முதுகுப்பையோடு வருபவர்களிடம் அதைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வதும்தான் எங்கள் வேலை. ஓய்வூதியம் ரொட்டிக்குப் போதும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்க்குப் போதாது. அதனால் எங்கள் வயதுக்காரர்கள் இங்கே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம். வருபவர்கள் எங்களைச் சுவரோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ஆறாம் அறையில், வெல்டாவின் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு படம். மீன் ஆலையின் நீண்ட மேசை. ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சம். வெள்ளைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிய இளம்பெண் ஒருத்தி, குனிந்து, புகையில் வாட்டிய ஸ்ப்ராட் மீன்களைத் தகர டப்பாவில் அடுக்குகிறாள். பக்கத்தில் டப்பாக்கள் நிறைந்த தட்டு. தட்டின் மூலையில் தகர வில்லை ஒன்று. அதில் பதினேழு என்று எண்.

படத்துக்கு அருகில் ஓர் அட்டை. வரைந்தவர் ஹெரால்ட்ஸ் பூர்மனிஸ் என்று போட்டிருக்கிறது. அவர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எண்ணெய் வண்ணம், துணி, உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, இன்ன குடும்பத்தாரின் நன்கொடை. கடைசியில் படத்தின் தலைப்பு: 'மீன் ஆலைத் தொழிலாளி, 1974'. இவ்வளவு விவரம் சேகரித்த அறிஞர்களில் ஒருவருக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. பிரபுவின் மனைவியை வரைந்தால் பெயர், பட்டம், நாய்க்குட்டியின் பெயர்வரை எழுதுகிறார்கள். உழைக்கிறவளை வரைந்தால் 'தொழிலாளி' என்ற ஒரு சொல்லோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். கலை வரலாறு என்று நாங்கள் படித்ததில் பாதி இந்தக் கதவடைப்புதான்.

அந்தப் பெண் தான்தான் என்று வெல்டா என்னிடம் சொன்னது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தேநீர் இடைவேளையில். சீரகம் போட்ட பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே, ஏதோ பல்வலியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். யார் அடுக்கிய தட்டு என்று கணக்குப் பார்க்க ஆலையில் ஆளுக்கொரு எண் வில்லை. பதினேழு அவருடைய எண். பதினெட்டு வயதில் குல்டீகாவிலிருந்து பேருந்து ஏறி வந்து, துறைமுகப் பகுதியில் இருந்த அந்த ஆலையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் மீன் அடுக்கியிருக்கிறார். ஆலை மூடியபின் சந்தையில் ஊறுகாய் விற்றார். அடுக்குமாடி வாசல்களில் பனி வாரினார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அயர்லாந்தில் ஒரு காளான் பண்ணையில் வேலை பார்க்கிறாள். இத்தனை வருட உழைப்பில் வெல்டாவின் முகம் பொதுவிடத்தில் தொங்கியது இரண்டே தடவை. எழுபத்துநாலு நவம்பரில் ஆலையின் கௌரவப் பலகையில், இலக்கைத் தாண்டியவர் என்று ஒரு மாதம். அப்புறம் இந்தப் படத்தில்.

போன இலையுதிர் காலத்தில் பூர்மனிஸின் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. இந்த முறை படங்களில் இருப்பவர்களின் பெயர்களையும் கண்டுபிடித்து எழுதப்போகிறோம் என்று காப்பாட்சியர் இல்வா ஒரு கூட்டத்தில் சொன்னார். இல்வா முப்பத்தைந்து வயதுக்காரர், படித்தவர், நல்லவரும்கூட. நான் கையை உயர்த்தி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வெல்டா என்னை முறைத்த முறைப்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

"வெல்டாம்மா, எட்டு வருஷமா அதுக்கு எதிர்லயே உக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் இல்வா.

"யாரும் கேக்கலையே" என்றார் வெல்டா.

மறுநாள் புதன்கிழமை. இல்வா ஒரு படிவம் கொண்டுவந்தார். படத்தில் இருப்பவர் பெயர் என்று ஒரு கோடு, அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திங்கள் மாலைக்குள் தந்துவிட்டால் அட்டையில் வெல்டாவின் பெயர் வந்துவிடும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

வெல்டா பேனாவைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். வீட்டில் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

இல்வா போனபின் வெல்டா என்னிடம் வந்தார். படத்துப் பெண்ணின் இடது மணிக்கட்டில் பழுப்பாக ஒரு கோடு இருக்கிறது. எட்டு வருடமாக அதை வண்ணம் சிதறியது என்று நினைத்திருக்கிறார். கையெழுத்துப் போடக் குனிந்த அந்த நிமிடத்தில்தான் அது தழும்பு என்று தெரிந்ததாம்.

"எனக்கு அங்க தழும்பே கிடையாது. அப்ப இவ யாரு?" என்று கேட்டார்.

நான் பகுத்தறிவுக்காரன். இதை ஆதாரத்தால் தீர்த்துவிடலாம் என்றேன். வயதானாலும் காதின் வடிவம் அதிகம் மாறாது என்று எங்கோ படித்திருந்தேன். இருவரும் போய்ப் பார்த்தோம். படத்துப் பெண்ணின் காதுகள் தலைத்துணிக்குள் இருந்தன. மூக்கை ஒப்பிட்டேன். ஒருநேரம் வெல்டாவின் மூக்கு. ஜன்னல் பக்கம் நகர்ந்தால் வேறு யாருடையதோ. வெல்டா கைக்கண்ணாடியை எடுத்து, படத்தைப் பார்த்து, தன்னைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். எட்டு வருடம் தினமும் பார்த்த முகம் ஒரே மதியத்தில் அந்நியமாகிவிட்டது. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறிவை நம்புகிறவன் 'தெரியவில்லை' என்று சொல்லக் கூசக் கூடாது.

"வில்லை பொய் சொல்லாது. பதினேழு நான்தான்" என்று வெல்டா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். பிறகு, "ரிம்மாவுக்குத் தெரியும்" என்றார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரிம்மா பக்லனோவா அதே மேசையில் வெல்டாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர். எண் பதினாறு. பதினேழு வருடம் ஒரே டப்பாவிலிருந்து பகிர்ந்து சாப்பிட்டவர்கள். தொண்ணூற்றொன்று ஜனவரியில், சோவியத் படை நுழையாமலிருக்க நகரத்துத் தெருக்களில் தடுப்புகள் போட்டு ஜனங்கள் நெருப்பு மூட்டிக் காவலிருந்த நாட்களில், வெல்டா அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சிக் கொண்டுபோனார். ரிம்மாவின் கணவர் தங்கள் வீட்டுச் சமையலறையில், வெல்டாவின் எதிரிலேயே, அதைக் கிண்டல் செய்தார். ரிம்மா வாய் திறக்கவில்லை. வெல்டா ரிம்மாவைப் பார்த்து, உங்க ஊருக்குப் போயேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ரிம்மா பிறந்தது ஆலையிலிருந்து நான்கு தெரு தள்ளி. பேருந்து ஏறி வந்தவர் வெல்டா. ஆனால் ரிம்மாவின் தகப்பனார் போர் முடிந்தபின் கப்பல் பட்டறை வேலைக்கென்று ரஷ்யாவிலிருந்து அனுப்பப்பட்டவர். வெல்டாவின் மாமன் அதே காலத்தில் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர். ஒரு பேரரசு மனிதர்களைச் சரக்கு போல அங்கும் இங்கும் ஏற்றி இறக்கியது. பிறகு வந்த குடியரசு, சரக்கு எந்த ரயிலில் வந்தது என்று பேத்தியிடம்வரை கேட்கிறது. ரிம்மாவின் பாஸ்போர்ட்டில் இன்றும் 'குடிமகள் அல்லாதவர்' என்றுதான் இருக்கிறது. பிறந்த ஊரில் நகர மன்றத் தேர்தலுக்குக்கூட அவருக்கு ஓட்டு இல்லை. தகப்பன் செய்யாத குற்றத்துக்கு மகளைத் தண்டிக்கும் சட்டத்தை எந்த மொழியில் எழுதினாலும் அது சட்டமாகாது.

சனிக்கிழமை வெல்டா போனார். ஐந்து சாமந்திப் பூ வாங்கினார். பேருந்து நெரிசலில் ஒன்று ஒடிந்துவிட்டது. மீதி நாலு. இரட்டைப்படையில் பூ கொடுப்பது எங்கள் ஊரில் சவத்துக்கு. முப்பத்துமூன்று வருடம் கழித்துப் போகிற வீட்டுக்கு நாலு பூவோடு போக முடியுமா? நன்றாக இருந்த ஒன்றையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். பூவுக்கு எண்ணத் தெரியாது என்று நான் பின்னால் சொன்னேன். ரிம்மாவுக்குத் தெரியும் என்றார் வெல்டா.

தெரிந்துதான் இருந்திருக்கிறது. கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்க்குமுன் பூவைத்தான் எண்ணியிருக்கிறார்.

"மூணு. அப்ப நான் இன்னும் சாகலன்னு உனக்குத் தெரியும்" என்றாராம். "செருப்பைக் கழட்டிட்டு வா."

சமையலறையில் தேநீரும் செர்ரி ஜாமும் வந்தன. வெல்டாவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ரிம்மாதான் தொடங்கினார்.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி வந்தா, ஒன்னு ஏதாவது சபையில சேக்க வருவா, இல்ல கிட்னி கேக்க வருவா. நீ எதுக்குடி வந்த?"

வெல்டா, தான் அன்று சொன்னது தப்பு என்றார்.

"எங்க ஊருக்குப் போகச் சொன்ன. போனேனே. நாலு தெரு நடந்து போனேன். கால் வலிச்சது, திரும்பி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ரிம்மா ஜாம் கிண்ணத்தை இவர் பக்கம் தள்ளினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முடிந்ததா, தள்ளிவைக்கப்பட்டதா என்று வெல்டாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

வெல்டா படத்தைப் பற்றிச் சொன்னார். ஆலைக்கு ஓவியர் ஒருவர் வந்து பத்துப் பதினோரு நாள் மூலையில் நின்று வரைந்தாரே, அவர் வரைந்தது என்னைத்தானே என்று கேட்டார். ரிம்மா சிரித்தார். அவர் முன்னால் உட்கார்ந்தது நானல்லவா என்றார். வெல்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டில் பதினேழு என்று வில்லை இருக்கிறது, அது யார் எண் என்று கேட்டார்.

ரிம்மா தேநீரைக் கலக்கினார். சர்க்கரை போடாத தேநீர்.

"அது என் தட்டு, வெல்டோச்கா" என்றார், பழைய செல்லப் பெயரில்.

"பதினேழு."

"வில்லை உன்னுது. தட்டு என்னுது. மணிக்கு அறுபது டப்பா கேட்டாங்க. நீ நாப்பதுதான் அடுக்குவ. ஒவ்வொரு மீனையும் புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி வைப்ப. உன்ன உப்புக் கிடங்குக்கு மாத்தப்போறதா மேற்பார்வைக்காரி சொல்லிட்டிருந்தா. உப்புக் கிடங்குக்குப் போனவளுங்க கை என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். அதான் என் தட்டுல உன் வில்லையப் போட்டு அனுப்பினேன். வசந்தத்துல ஆரம்பிச்சது, பனி விழற வரைக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னிருப்ப. அந்தத் திமிருதான் உனக்கு."

வெல்டா மாதங்களை விரல் விட்டு எண்ணினாராம். பனி விழும் மாதம். நவம்பர். கௌரவப் பலகை. அந்தப் பலகையைப் பற்றி மகளிடம் சொல்லியிருக்கிறார். பேரனிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"அப்ப பலகைல தொங்கினதும் நான் இல்லையா?"

"மூஞ்சி உன்னுதுதான். மீனு என்னுது" என்றார் ரிம்மா.

பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். இடது மணிக்கட்டில், மீன் வாட்டும் புகைக்கூண்டின் கம்பி சுட்ட தழும்பு. சுருங்கிப் போயிருந்தாலும் அதே சாய்வு.

ஆக, கை ரிம்மாவுடையது. வேலையும் ரிம்மாவுடையது. வெல்டாவிடம் மிச்சமிருந்தது ஒரு தகர வில்லையும் சந்தேகத்துக்குரிய ஒரு மூக்கும்தான். பேருந்தில் திரும்பி வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பாலம்வரை போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க இருந்தேன்னே தெரியல. அதுல எங்க கையெழுத்துப் போடறது?" என்றார்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. பணியாளர் கதவு வழியாக ரிம்மாவை அழைத்து வந்தோம். எழுபத்துமூன்று வருடம் இந்த ஊரில் வாழ்ந்தவர் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைப்பது முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. முதல் ஐந்து அறைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் அறையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நான் எதிர்பார்த்தது, இது நான்தான் என்பார் என்று. அவர் சொன்னது வேறு.

"இது நான் இல்லடி. இந்த மூக்க உன்னத் தவிர வேற எவ வெச்சிருந்தா?"

"தாடை என்னுது இல்ல" என்றார் வெல்டா. "எனக்கு எப்ப இந்த மாதிரி தாடை இருந்துச்சு? தழும்பப் பாரு."

"தழும்பு என்னுது. குனியிறது நீ. நான் நிமிர்ந்துதான் அடுக்குவேன், முதுகு வலிக்கும்னு."

முன்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருப்பார்கள் போலிருக்கிறது. இப்போது ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் தள்ளியதில் ஒன்று மட்டும் தெளிவானது. டப்பாக்களை நகர்த்தும் பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஆளைப் பத்து நாளும் ஓவியருக்கு விட மேற்பார்வைக்காரி சம்மதிக்கவில்லை. ஆளுக்கு அரை மணி நேரம் என்று மாற்றி மாற்றி அனுப்பினாள். நடுவில் வெல்டாவுக்குக் காய்ச்சல். எத்தனை நாள் யார் உட்கார்ந்தார்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. ஓவியர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. இருவரையும் 'பெண்ணே' என்றுதான் கூப்பிட்டாராம். பெயர் கேட்டதே இல்லை. பூர்மனிஸின் வெளிச்சத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எதிரே இருப்பது ஒருத்தியா இருவரா என்று கவனிக்காத கண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

இல்வா அறைக்குப் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்தார். அட்டை தயாரிக்கும் கணினியில் அந்த இடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார். ஒரு பெயர் போடலாம், அல்லது அடையாளம் தெரியாதவர் என்று போடலாம். நன்கொடை கொடுத்த குடும்பத்துக்கு அதே அட்டையில் நாலு பெயர் இருக்கிறதே என்று கேட்டேன். அது வேறு பகுதி என்றார். சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. வெட்கப்படத் தெரிந்தவர் என்பதால் அதற்குமேல் நான் பேசவில்லை.

ரிம்மா உடைந்த லாட்விய மொழியில் சொன்னார்: "அவ பேரப் போடுங்க. என் பேரப் பாத்தா எவனாவது சண்டைக்கு வருவான். பேப்பர்ல எழுதுவான். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு."

இல்வாவுக்கு அதைக் கேட்டதில் நிம்மதி. படிவத்தை வெல்டாவின் பக்கம் திருப்பி வைத்தார். எட்டு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்த ஒரு வெற்றிடம், கடைசியில் தன் பெயருக்காகத் திறந்து கிடக்கிறது. வெல்டா பேனாவைத் திறந்தார். பிறகு, அந்த ஒற்றைக் கோட்டின் மேல், எறும்பு எழுத்தில், முதலில் ரிம்மாவின் முழுப்பெயரை எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் வளைத்துத் தன் பெயரை எழுதினார். கையெழுத்துக் கோட்டுக்கு வந்ததும் பேனாவை ரிம்மாவிடம் நீட்டினார்.

"போடுடி" என்றார். "இந்த ஊர்ல உன் ஓட்டுக்குத்தான் இடமில்ல. மீனுக்கு இருக்கு."

ரிம்மா திட்டிக்கொண்டே போட்டார். என்ன திட்டினார் என்று ரஷ்யமொழி தெரிந்த நான் எழுதப் போவதில்லை.

புதன்கிழமை கண்காட்சிக் குழு கூடியது. உரிமை கோருபவர் இருவர் இருப்பதால் அடையாளம் சர்ச்சைக்குரியது என்று முடிவு செய்தது. இருவரும் உரிமை கோரவில்லை, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பதிவு செய்ய அந்தக் குழுவின் குறிப்பேட்டில் கட்டம் இல்லை போலும். வெள்ளிக்கிழமை விழாவில் அட்டை புதிதாக இருந்தது: 'மீன் ஆலைத் தொழிலாளி. மாதிரியாக அமர்ந்தவர்: அடையாளம் உறுதி செய்யப்படாத பெண்.' உறுதி செய்யப்படாத பெண் அட்டைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு உறுதி செய்யப்படாத பெண் சுவரோரம் நின்று, தட்டில் வந்த ரொட்டித்துண்டின் மேலிருந்த ஸ்ப்ராட் மீனை விரலால் புரட்டிப் பார்த்து, அடுக்கத் தெரியாதவர்கள் அடுக்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு யாராவது படத்தின் முன் நின்றால் வெல்டா எழுந்துபோய், "இதுல ரெண்டு பேரு இருக்கோம்" என்று சொல்ல ஆரம்பித்தார். சிலர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் அவரைப் படம் பிடித்தார். மூன்றாம் வாரம் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. காவலர்கள் படங்களை விளக்கக் கூடாது, மறுபடி நடந்தால் வேலை இல்லை. வெல்டா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது எழுந்து போவதில்லை. யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்கிறார். தன் முகம் எங்கே முடிகிறது, ரிம்மாவின் முகம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சனிக்கிழமைதோறும் இருவரும் அதைப் பற்றித் தகராறு செய்கிறார்கள்.

நாங்கள் எழுதிக் கொடுத்தால் அது பணியாளர் முணுமுணுப்பு. பார்வையாளர் எழுதினால் ஒரு மாதத்துக்குள் கையெழுத்திட்ட பதில் தர வேண்டும், அதுதான் விதி. எங்கள் கிடங்கின் வாசலில் பார்வையாளர்கள் கருத்து எழுத, சாம்பல் நிற உறை போட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. ரீகாவுக்கு வந்தால் அதைத் திறவுங்கள். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், படித்துப் புரிந்துகொள்வது அவர்கள் பாடு. ஆறாம் அறைப் படத்தில் ரிம்மா பக்லனோவாவும் வெல்டா ஸ்ட்ராட்மனேயும் இருக்கிறார்கள், இரண்டு பெயரையும் அட்டையில் போடுங்கள் என்று எழுதி, கீழே உங்கள் முழுப்பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதிவிட்டுப் போங்கள்.